நனைக்காத தாள்

எங்கள் ஆய்வகத்தில் தினமும் காலையில் அரை மணி நேரம் யாரும் பேசமாட்டோம். அப்படி ஒரு விதி எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. ஊரின் கழிவுநீரை ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு மருந்தை விட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்குவோம். கலக்கியை நிறுத்தியதும் அந்த அரை மணி நேரம் தொடங்கும். அழுக்கு அடியில் இறங்குவதற்கான நேரம் அது. மேசையில் முழங்கை பட்டாலும் இறங்கிக்கொண்டிருப்பது கலைந்துவிடும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியை இழுக்காமல், இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வந்து உட்கார்ந்திருப்போம். பேச்சு மேசையை அசைக்காது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பேசியதில்லை.

எனக்கு இது கஷ்டமாக இருந்ததே இல்லை. இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவர் அத்தான், என் அக்காவின் கணவர். இதே சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தார். "மாப்ளே, வாயத் திறக்காம சம்பளம் வாங்கற வேலை ஒண்ணு காலியா இருக்கு. உன்னை நினைச்சே உண்டாக்கின மாதிரி இருக்கு, வந்து சேரு" என்று போனில் சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

மருந்து என்று நாங்கள் சொல்வது திரட்டியை. கழிவுநீரில் இருக்கும் மிக நுண்ணிய அழுக்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. எத்தனை நாள் வைத்தாலும் தாமாக இறங்குவதில்லை. மருந்து அந்தத் தள்ளலைத் தீர்த்துவைக்கிறது. அழுக்குகள் ஒட்டிக்கொண்டு, பஞ்சுபோலத் திரண்டு, கனம் தாங்காமல் கீழே உட்கார்ந்துவிடுகின்றன. மருந்து குறைந்தால் திரளாது. கூடினாலும் திரளாது, மறுபடியும் தள்ளத் தொடங்கிவிடும். அந்த நடு அளவைக் கண்டுபிடிப்பதுதான் காலை வேலை.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மருந்து டேங்கர் லாரியில் வரும். பாலி அலுமினியம் குளோரைடு என்பது அதன் முழுப்பெயர். எங்கள் வாயில் அது வெறும் பாலி. அதே கம்பெனியிலிருந்து, அதே மாதிரி டேங்கரில், கிருமிகளைக் கொல்லும் குளோரின் தண்ணீரும் வரும். இரண்டும் இளமஞ்சள். மிதவையை விட்டு அடர்த்தி பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டிகள். பாலி தொட்டிக்குள் குளோரின் தண்ணீர் போனால் அடுத்த நிமிடமே விஷவாயு கிளம்பும். அதற்காகத்தான் அந்தத் தொட்டிகளின் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஆய்வகத்தில் வைத்திருக்கிறோம். ஆபரேட்டர் டேங்கரிலிருந்து ஒரு குப்பி மாதிரி எடுத்து வருவார். நான் மிதவையில் அடர்த்தி பார்த்து, தாளை நனைத்து நிறம் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டுச் சாவியைக் கொடுப்பேன்.

எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத மஞ்சள் துண்டு. பாலியில் நனைத்தால் ஆரஞ்சாகும், அமில அளவு நான்கு என்று எழுதுவோம். குளோரின் தண்ணீரில் நனைத்தால் கருநீலமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து வெறும் வெள்ளையாகிவிடும்.

அரை மணி நேரத்தில் யாராவது ஜன்னலுக்கு வந்தால் சைகைதான். இரண்டு விரலைத் தூக்கினால் டீ வந்துவிட்டது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் மேனேஜர் வருகிறார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கிள்ளுவதுபோலச் சேர்த்து, கீழே ஒரு முறை தோய்த்து எடுத்து, புருவத்தை உயர்த்தினால், தாள் நனைத்துப் பார்த்தாயிற்றா என்று அர்த்தம். அதை ஆரம்பித்துவைத்தவர் அத்தான் என்றுதான் நினைக்கிறேன். ஷிப்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

அன்றைக்கு அத்தான் ஜன்னலுக்கு வந்தபோது குவளைகளில் அழுக்கு இறங்கத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சத்தம் வராமல் குப்பியை விளிம்பில் வைத்தார். மிதவை ஜன்னலோரம் இருந்தது. குப்பியிலிருந்ததை ஊற்றி அடர்த்தி பார்த்தேன், சரியாக இருந்தது. தாள் சுருள் மேசையின் இழுப்பறையில் இருந்தது. அந்த மேசையின் மேல்தான் ஆறு குவளைகளும் நின்றன. இழுப்பறை கொஞ்சம் முரண்டுபிடிக்கும். இழுத்தால் மேசை முழுக்க ஆடும். வாசனையாவது காட்டிக்கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் அடுத்த அறையே குளோரின் அறை, எங்கள் மூக்குகள் எப்போதோ செத்துவிட்டன. ஆறு வருடமாகப் பாலி டேங்கர் எதிலும் நான்கைத் தவிர வேறு எண் வந்ததில்லை. டேங்கர் வாசலில் நின்றபோதே நான் பதிவேட்டில் நான்கு என்று எழுதிவிட்டிருந்தேன்.

அத்தான் இரண்டு விரலைத் தோய்த்து எடுத்துப் புருவத்தை உயர்த்தினார்.

நான் தலையாட்டினேன். சாவியைக் கொடுத்தேன்.

பாலி தொட்டியில் வாயு கிளம்பியதும் அவர் ஓடியிருந்தால் பிழைத்திருப்பார். டிரைவர் ஓடிவிட்டான். அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய் வால்வை மூடினார். மூடவில்லை என்றால் ஆய்வகம் வரைக்கும் வந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஆய்வகத்தில் நான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. இரண்டாம் நாள் மதியம் நான் கட்டிலருகே நின்றபோது கண் திறந்து என்னைப் பார்த்தார். வலது கையைப் போர்வைக்கு மேலே கொஞ்சம் தூக்கினார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தன. கீழே தோய்ந்து மேலே வந்தன. புருவத்தை உயர்த்தப் பார்த்தார், முடியவில்லை.

அக்கா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

நான் தலையாட்டினேன். ஒரு முறை அல்ல, இரண்டு மூன்று முறை, நன்றாகத் தெரியும்படி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எதையோ தன் கணக்கில் எழுதிக்கொண்டவர்போல அந்த முகம் இருந்தது. அன்று வாசலில் ஒரே மாதிரி இரண்டு டேங்கர்கள் நின்றிருந்தன. நான் பார்த்துவிட்டேன் என்றால், ஒன்றிலிருந்து மாதிரி எடுத்துவிட்டு இன்னொன்றில் குழாயை மாட்டியது அவராகத்தான் இருக்கவேண்டும். மறுநாள் இறக்கும்வரை அவருக்கு அதை யோசிக்க நேரம் இருந்தது.

விசாரணையும் அதையே சொன்னது. பதிவேட்டில் நான்கு இருந்தது, என் கையெழுத்து இருந்தது. முதல் டேங்கரில் இருப்பது பாலி என்று அத்தானிடம் டிரைவர்தான் சொல்லியிருக்கவேண்டும், ஆனால் அவன் தான் எதுவுமே சொல்லவில்லை என்றான். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். என் அக்கா மகள் படிக்கும் பள்ளியில் ஒரு பையன், "உங்கப்பா தப்புக் குழாய்ல மாட்டிட்டாராமே" என்று கேட்டிருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து தன் நோட்டுப் புத்தகங்களையெல்லாம் எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் தப்பு இருக்கிறதா என்று பார்த்தாளாம். பதினொரு வயதுப் பெண்.

அக்காவை அரித்தது வேறு. "தண்ணி கேட்டாருடா" என்பாள். சோறு வைக்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள். "விரலை நனைச்சு உதட்டுல வைன்னு சைகை காட்டினாரு. நீயும் பாத்தியே. தொண்டை வெந்திருக்கு, ஒரு சொட்டு கூடாதுன்னு டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். எப்படியும் போகப்போற மனுஷனுக்கு ஒரு விரல் தண்ணி குடுத்திருக்கலாம்ல?"

அவர் தண்ணீர் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் எதைக் கேட்டார் என்பாள். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். "விடுக்கா" என்பேன். விடு என்று சொல்வதற்கு எனக்கு இருந்த தைரியம் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பேய் என்றால் வெள்ளைப் புடவையோ கால் இல்லாத உருவமோ அல்ல என்று எனக்குத் தெரிந்தது அந்த மாதங்களில்தான். இரண்டு விரல்கள் போதும். டீக்கடையில் ஒருவர் பிஸ்கட்டைக் கிள்ளிப் பிடித்து டீயில் தோய்ப்பார், நான் என் டீயைக் குடிக்காமலே காசைக் கொடுத்துவிட்டு நடப்பேன். அக்கா மகள் தூரிகையைத் தண்ணீரில் நனைத்துப் படம் வரைவாள், தண்ணீர் நீலமாகும், நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். இன்னொன்றும் நடந்தது. தாள் சுருளை இழுப்பறையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு டேங்கருக்கும் மூன்று முறை நனைத்துப் பார்த்தேன். ஒரு நாள் குளோரின் டேங்கருக்குத் தாள் நீலமாகி வெளுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் நான்கு. என் கை எழுதியிருந்தது. அன்றிலிருந்து எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

அத்தானின் இடத்துக்கு வந்த ஆபரேட்டரை எல்லோரும் ரேடியோ என்போம். அணைக்கும் பொத்தான் இல்லாத மனிதர். பாலி தொட்டிப் பக்கம் தனியாகப் போகமாட்டார். "சார், சத்தியமா சொல்றேன், அங்க யாரோ இருமறாங்க. ரெண்டு இருமல், கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ரெண்டு. நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்பார். பம்பின் காற்று வால்வு அது, எனக்குத் தெரியும். ரேடியோவை அழைத்துப் போய்க் காட்டவும் செய்தேன். ஆனால் அதே இருமல் என் வீட்டுக் குளியலறையிலும் கேட்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே பம்ப் இல்லை.

ஏழாவது மாதம் வாரிசு வேலையாக அக்காவுக்கு நிலையத்தில் வேலை கொடுத்தார்கள். "தம்பி கூடவே இருக்கட்டும், அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும்" என்று மேனேஜர் அவளை ஆய்வகத்தில் போட்டார். நல்ல மனதோடுதான் செய்தார்.

அக்கா வேலையைப் பிடித்துக்கொண்ட வேகம் எனக்கே ஆச்சரியம். கை நடுங்காது. ஆறு குவளைக்கும் ஒரே நொடியில் மருந்து விடுவாள். திரள் உருவாகும்போது முகத்தை அருகில் கொண்டுபோய், "வா, வா, சேரு, முரண்டு பண்ணாதே" என்று அதட்டுவாள். கலக்கி நின்றதும் வாயை மூடிக்கொள்வாள். அந்த அரை மணி நேரம் அவளுக்கும் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அவளிடம் ஏதாவது ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இங்கே யாரும் எதுவும் சொல்ல முடியாது.

தாளை மட்டும் நான் அவளிடம் கொடுக்கவில்லை. டேங்கர் வந்தால் அவளை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவேன்.

"அதை எப்பதான் சொல்லித் தருவே?" என்று கேட்டாள்.

"பொறுமையா பாக்கலாம்க்கா."

"பெரிய ரகசிய வித்தை. குட்டியூண்டு தாளை நனைக்கறதுக்கு நாள் நட்சத்திரம் பாக்கணுமா?"

நான் சிரித்துவைத்தேன். அவள் விரல்கள் அந்தத் தாளைக் கிள்ளிப் பிடித்துக் குப்பியில் தோய்க்கும் ஒரு கணத்தை நான் மனதுக்குள் ஆயிரம் முறை பார்த்திருந்தேன். தோய்த்த கை பாதியில் நின்றுவிடும். அவள் தன் விரல்களையே பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். இந்த இடத்தோடு என் கற்பனை முடிந்துவிடும். அந்தக் கணம் வராமல் இருக்க, தாள் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். ஏழு மாதம் அப்படி ஓட்டினேன்.

அது தாள் வழியாக வரவில்லை.

ரேடியோ அரை மணி நேரத்தில் வந்து வாய் ஓயாமல் பேசுவது அக்காவுக்கு எரிச்சல். ஒரு நாள் ஜன்னலைத் திறந்து அவரை ஒரு பிடி பிடித்தாள். "ஏன்யா, இந்த அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டிருந்தா உன் நாக்கு துருப்பிடிச்சிடுமா? உன் தாத்தன் வீட்டு ஆய்வகமா இது? இனிமே பேசினே, குவளையிலிருக்கிற தண்ணிய உன் தலையில ஊத்திடுவேன்."

ரேடியோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்து போனார். நானும் சிரித்தேன். அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன், நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை பத்தரை மணி. கலக்கியை நிறுத்தி அக்கா மணியைத் திருகிவைத்தாள். பத்து நிமிடம் போயிருக்கும். வாசலில் டேங்கர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவளை அனுப்ப வழி இல்லை. மணி அடிக்கும்வரை குவளைகளை விட்டு அவள் நகரமாட்டாள். ரேடியோ ஜன்னலில் தோன்றினார். உதட்டில் விரலை வைத்து, கண்ணை உருட்டி, தன் மௌனத்தை எங்களுக்குக் காட்டினார். குப்பியை விளிம்பில் வைத்தார். நான் எழுந்து மிதவையை எடுத்தேன். பொறுமை இல்லாத மனிதர். ஜன்னல் வழியே அக்காவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வலது கையை உயர்த்தினார். இரண்டு விரலையும் கிள்ளினார். தோய்த்து எடுத்தார். புருவத்தை நெற்றி வரைக்கும் தூக்கினார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அறையில் ஏதோ ஒன்று நின்றுபோனது.

ரேடியோ பதிலுக்குக் காத்திருந்தார். நான் சட்டைப் பையிலிருந்து சுருளை எடுத்து ஒரு துண்டு கிழித்து நனைத்தேன். ஆரஞ்சு. ஜன்னலில் அதைக் காட்டினேன். சாவியைக் கொடுத்தேன். அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.

அக்கா எழவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து குவளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது குவளையில் திரள்கள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன, மேலே தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. அவள் வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன, விலகின, தொட்டன. மடியிலேயே, புடவையின் மேலேயே, ஒரு முறை கீழே தோய்ந்து மேலே வந்தன. நான் சுவரோரம் நின்றிருந்தேன். நாற்காலியை இழுத்தால் சத்தம் வரும் என்று உட்காரவில்லை. வெளியே பாலி தொட்டிப் பக்கம் பம்ப் இரண்டு முறை இருமியது, நிறுத்தியது, மறுபடி இரண்டு முறை இருமியது.

மணி அடித்தது. அக்கா அதை நிறுத்தினாள். எழுந்து ஆறு குவளைகளிலிருந்தும் மேல்தண்ணீரை எடுத்து, கலங்கல் அளந்து, ஆறு எண்களையும் வரிசையாக எழுதினாள். பேனாவை மூடினாள்.

"ரேடியோ என்ன கேட்டான்?"

"தாள் நனைச்சுப் பாத்தாச்சான்னு."

"அது இவன் சைகையா, இல்ல எல்லாருக்கும் அதேதானா?"

"எல்லாருக்கும்."

"அவருக்கும்?"

"ஆமாக்கா."

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மூடினாள்.

"அப்ப அவர் தண்ணி கேக்கல."

"இல்ல."

"தண்ணி கேக்கவே இல்ல" என்றாள் மறுபடியும். என்னிடம் சொல்லவில்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. பதினான்கு மாதமாக நான் பிடித்துவைத்திருந்தது அது. ஒரு நொடிதான். அடுத்த நொடி முகம் இறுகியது.

"நீ தலையாட்டின. நான் எதிர்லதான் நின்னேன். நல்லா ஆட்டின."

"ஆட்டினேன்."

"பாத்தியா?"

நான் தரையைப் பார்த்தேன். என் வாழ்நாள் முழுக்க மௌனம் எனக்கு ஒரு நல்ல குணமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பையன் அமைதி, அதிர்ந்து பேசமாட்டான். அந்த நல்ல குணம் அப்போதும் என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"பாத்தியாடா?"

"பாக்கலக்கா. இழுப்பறையைத் திறந்தா குவளை கலைஞ்சிடும்னு பாக்கல. முன்னாடியே எழுதிட்டேன்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவர் அதைக் கேட்டப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தான்தான் தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிட்டே போயிருக்காரு. ஒரு நாள் முழுக்க. நான் பக்கத்துல உக்காந்து, ஏங்க இப்படிக் கவனமில்லாம இருந்தீங்கன்னு..." அவள் நிறுத்தினாள். "நான் கேட்டேன்டா அவர்கிட்ட. அப்படிக் கேட்டேன். பதில் சொல்ல முடியாத மனுஷன்கிட்ட."

இது எனக்குத் தெரியாது.

வெளியே ரேடியோ யாரிடமோ கத்திப் பேசுவது கேட்டது. பாலி தொட்டிக்குள் மருந்து விழும் சத்தமும் கேட்டது. அக்கா மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"எழுது. மேனேஜருக்கு. ஜன்னல்ல நடந்ததை எழுது. ஆஸ்பத்திரியில நடந்ததையும் எழுது. எழுதி, எனக்குப் படிச்சுக் காட்டு."

எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "நான் உங்க மகள்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள். 'உங்க' என்று அத்தானிடம் பேசுகிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "நீ கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதே" என்றாள்.

மேனேஜர் அறை மாடியில். தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விசாரணை முடிஞ்சு கோப்பையே கட்டியாச்சு. இப்ப போய் இதைக் கிளப்பினா உங்க வேலை போயிடும். கேஸும் வரும். யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க சொல்லித்தான்." பிறகு அதுவும் சரியில்லை என்று பட்டது. "அவங்களா கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசி வரியின் அருகே வைத்தார். "சரி. தாள் நனைக்காதது, முன்னாடியே எழுதினது, ஜன்னல்ல தலையாட்டினது, இதெல்லாம் வேணும். இந்த ஆஸ்பத்திரி விஷயம் எதுக்கு? அதனால ஒண்ணும் நடக்கலையே. அதுக்கு முன்னாடியே எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சு. இது குடும்ப விஷயம். அடிச்சிடலாமா?"

"வேண்டாம் சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். படிக்கிறவங்களுக்கு இதுதான் கண்ல படும்."

"மத்ததெல்லாம் சோம்பல்ல செஞ்சது சார். அது ஒண்ணுதான் தெரிஞ்சே செஞ்சது. அதை மட்டும் அடிக்காதீங்க."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தாளில் தேதி முத்திரையைக் குத்தினார். நாளையிலிருந்து ஆய்வகத்துக்கு வரவேண்டாம், மேலிருந்து உத்தரவு வரும்வரை வீட்டில் இருங்கள், பொறுப்பை அக்காவிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றார்.

கீழே வந்தேன். அக்கா குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். தாள் சுருளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒவ்வொரு சாவியாகத் தூக்கி, எது எந்தத் தொட்டிக்கு என்று கேட்டாள். சொன்னேன். ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டில் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். நான் ஜன்னலோரம் காத்திருந்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள்.

"நாளைக்கு மழைன்னு சொல்றாங்க. கலங்கல் ஏறி வந்தா எவ்வளவு போடணும்?"

"நாற்பதுல ஆரம்பி. பத்துப் பத்தா ஏத்து. எண்பதைத் தாண்டாதே, தாண்டினா திரும்பக் கலங்க ஆரம்பிச்சிடும்."

நாற்பது, எண்பது என்று எழுதினாள். எழுதிய இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"ஆறு குவளையிலயும் நானே போட்டுப் பாத்துட்டுதான் நம்புவேன்" என்றாள். "நீ போ."